வலது அக்குளில் ஒட்டு

விழுப்புரம்
21-11-1993

அன்புள்ள தங்கை செந்தாமரைக்கு அண்ணன் பாண்டுரங்கன் எழுதுவது.

நம் கடையின் பத்தொன்பது ஆண்டு வரலாற்றில் இதுவரை எடுக்கப்படாத ஒரு முடிவு, சென்ற வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு எடுக்கப்பட்டது. இனி இந்தக் கடையில் வெட்டுத்துணி மூட்டையிலிருந்து எந்தச் சட்டைக்கும் ஒட்டுப் போடப்படாது. கிழிந்த சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்து, அதிலிருந்தே துணி எடுத்துத்தான் ஒட்டு. முடிவை அட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். எதிர்ப்பு எதுவும் வரவில்லை. அப்போது கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இதை உனக்கு எழுதக் காரணம் உண்டு.

அன்று காலை கோலியனூர் தாண்டவராயன் ஒரு சட்டையைக் கொண்டுவந்து காலரைத் திருப்பித் தைக்கச் சொன்னார். மேசையில் விரித்தேன். வலது அக்குளில் ஒட்டு. பச்சையில் மெரூன் கட்டம். என் தையல்.

நீ மறந்திருக்க மாட்டாய். ஜூன் மாதம் முண்டியம்பாக்கம் பக்கம் தண்டவாளத்தில் ஒருவர் கிடந்தார். காலரில் என் கடைப் பெயர் இருந்ததால் கான்ஸ்டபிள் விருத்தாசலம் சட்டையை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் பார்த்துச் சொல்லும்படி இல்லை. சந்தன நிறச் சட்டை ஊரில் நூறு பேருக்குத் தைத்திருப்பேன். ஆனால் வலது அக்குளில் அந்த ஒட்டு இருந்தது. மாப்பிள்ளை சீனுவாசன் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க வலது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அவர் சட்டை கிழிந்தபோது என் பழைய லுங்கியை வெட்டித்தான் ஒட்டுப் போட்டேன்.

"இது என் சொந்த லுங்கி சார். ஒலகத்துல வேற எவன் சட்டையிலயும் இருக்காது" என்று சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளியும் நானே வைத்தேன். ஐந்து மாதமாக ஊரைவிட்டுப் போயிருந்தவர் அன்று சாயங்காலத்துக்குள் சாம்பலாகிவிட்டார்.

தாண்டவராயனுக்கும் அதே லுங்கியில் ஒட்டுப் போட்டது எனக்கு நினைவே இல்லை. அவர் போன பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நைந்த பாகத்தைத் தள்ளினாலும் ஒரு லுங்கியில் நூறு ஒட்டுக்குக் குறையாது.

ஆகையால் ஒரே ஒரு கேள்வி. ஜனவரியில் மாப்பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அந்தச் சந்தனச் சட்டையைத்தானே போட்டிருந்தார்? ஆமாம் என்று ஒரு கார்டு போட்டால் போதும். நேரில் வந்து கேட்டிருப்பேன். ஆனால் கருமாதி அன்று உன் அண்ணி கெங்கம்மாள், வெளியே கிளம்புகிறவர்களுக்கு எதிரே வராதே என்று உன்னிடம் சொன்னதும், இனி நீ எங்கள் வாசலையும் நாங்கள் உன் வாசலையும் மிதிப்பதில்லை என்று நீ சொன்னதும் இன்னும் அமலில் இருக்கின்றன.

அன்புடன்
பாண்டுரங்கன்


திண்டிவனம்
2-12-1993

அண்ணனுக்கு,

கார்டு போட்டால் எங்கள் தபால்காரர் படிப்பார். அதுவும் சத்தம் போட்டுப் படிப்பார். அதனால் இன்லேண்டு.

ஆமாம். அந்தச் சட்டைதான். போதுமா?

நேற்று வேலையில் சேர்ந்துவிட்டேன். பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். சத்துணவு அமைப்பாளர். விதவைகளுக்கு முன்னுரிமை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்குப் புருஷன் ஓடிப்போய் மூன்று வருடம். "செத்ததுக்கு சர்டிபிகேட் இருக்குது. ஓடிப்போனதுக்கு ஏதும்மா சர்டிபிகேட்? அதுக்கு அவரே வந்து கையெழுத்துப் போடணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் கிளார்க். அடுத்து நான். என்னிடம் சர்டிபிகேட் இருந்தது.

எதிர்வீட்டு அஞ்சம்மாளை உனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை தினமும் காலையில், "தாமர, ஊட்டுக்காரரு கடுதாசி போட்டாரா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள். ஜூனுக்குப் பிறகு விசாரிப்பதில்லை. வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து கொடுக்கிறாள். ஓடிப்போனவன் பெண்டாட்டியிடம் கேட்க ஊருக்கு ஆயிரம் கேள்வி இருக்கிறது. செத்தவன் பெண்டாட்டியிடம் ஒன்றும் இல்லை. சூர்யகலா ஏழாவது படிக்கிறாள். அவளிடமும் பள்ளியில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நீ மூட்டையிலிருந்து ஒட்டுப் போடு, மடிப்பிலிருந்து போடு. செத்தவரை மட்டும் மறுபடி பிரிக்காதே.

செந்தாமரை


விழுப்புரம்
9-7-1995

அன்புள்ள தங்கைக்கு,

நீ ஆமாம் என்று எழுதிய இன்லேண்டை மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது எடுத்துப் படிப்பேன். தேவை அடிக்கடி ஏற்படுகிறது. ஊரில் எவன் கையைத் தூக்கினாலும் என் கண் அக்குளுக்குப் போகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போவதை நிறுத்திவிட்டேன். ஒருவர் என்னை அடிக்க வந்தார்.

நேற்று கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் சின்னபொண்ணு. ஊர் இரும்பை. தைக்கத் துணி எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு போட்டோ கொண்டுவந்தாள். அவள் புருஷன் மாயவன் கிணறு வெட்டுகிறவராம். தொண்ணூற்று மூன்று மே மாதம் விக்கிரவாண்டி பக்கம் வேலை என்று போனவர் திரும்பவில்லை.

"போலீஸ்ல சொன்னியா?" என்றேன்.

"சொன்னேங்க. வருவாருன்னாங்க. நானும் வருவாருன்னுதான் சொல்லிக்கினு கீறேன்."

"டைலர்கிட்ட எதுக்கும்மா வந்த?"

"அவரு போட்டுக்கினு போன சட்ட சந்தையில வாங்குனது. பழைய சட்டதான். காலர்ல கத்திரிக்கோல் படம் போட்டிருக்கும். எழுத்து எனக்குத் தெரியாது. இந்த அக்குள்ள ஒட்டு. பச்ச கட்டம். ஒட்டு போட்டவங்களுக்குத் தெரியுமேன்னு ஒவ்வொரு கடையா கேட்டுக்கினு வர்றேன். திண்டிவனத்துல எல்லாத்தயும் கேட்டுட்டேன். இங்க நீங்க பதினோராவது."

அவள் தலைக்கு மேலே என் கடைப் பலகை. அதில் கத்திரிக்கோல் படம். எல்லா டைலர் கடையிலும் அந்தப் படம் உண்டு, உண்மைதான்.

"தெரியலம்மா" என்றேன்.

"சரிங்க. பன்னண்டாவது கடை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன்.

நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அளவு பொட்டு. அவள் போன பிறகு மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு பைஜாமா நாடா தைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

நீ எழுதிய ஆமாம் உண்மையான ஆமாமா?

பாண்டுரங்கன்


திண்டிவனம்
20-7-1995

அண்ணனுக்கு,

படித்ததும் அடுப்பில் போடு.

அவர் காக்கிச் சட்டையோடுதான் போனார். ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தனச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி கடைசியில் தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் வந்தான். கோபத்தில் இரண்டு பேன்ட்டையும் அந்தச் சட்டையையும் தூக்கிப் போட்டேன்.

"சட்டையில ஒட்டு கீதேம்மா" என்றான்.

"எங்கண்ணன் போட்ட ஒட்டு. சட்ட கிழிஞ்சாலும் அது கிழியாது" என்றேன்.

வாங்கிக்கொண்டு ஒரு எவர்சில்வர் குண்டான் கொடுத்தான். அந்தத் துணியெல்லாம் சந்தைக்குத்தான் போகும்.

ஜூன் மாதம் நீ வந்து நின்று சந்தனச் சட்டை, பச்சை ஒட்டு என்று சொன்னபோது அந்தக் குண்டானில்தான் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணே, அது அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. ஐந்து மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. பாதி அழுகையில் நிறுத்தி, இது வேறு யாரோ என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் பால் தெளித்தீர்கள். அதற்குப் பிறகு சொன்னால் அசிங்கம்.

அந்தப் பெண்ணுடைய புருஷன் பெயரை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். இரண்டு வருடமாக யாரோ ஒருவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு அவர் பெயரைச் சொல்லிப் படைக்கும்போது, இலையின் அந்தப் பக்கம் யாரோ ஒருவர் உட்கார்ந்து, தன்னை வேறு பெயரில் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும். இப்போது அந்த ஆளுக்குப் பெயரும் வந்துவிட்டது.

அவள் அழிக்க வேண்டிய பொட்டை நான் அழித்துக்கொண்டு நிற்கிறேன். நான் வைத்துக்கொள்ள வேண்டிய பொட்டை அவள் வைத்திருக்கிறாள்.

செந்தாமரை


விழுப்புரம்
30-7-1995

தங்கைக்கு,

ஸ்டேஷன் வாசல் வரை மூன்று முறை போய்வந்தேன். முதல் முறை விருத்தாசலம் சாப்பிடப் போயிருந்தார். இரண்டாம் முறை அவர் இருந்தார், எனக்குத்தான் தாகமாக இருந்தது. மூன்றாம் முறை அவரே என்னைப் பார்த்து, "இன்னா டைலரே, யூனிபார்ம் ரெடியா?" என்றார். நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நிச்சயம் போய்ச் சொல்லிவிடுகிறேன். நான் எரித்தது மாயவனை. அவள் டைலர் டைலராக அலைய வேண்டியதில்லை. உனக்குத் தெரிவித்துவிட்டுச் செய்வதுதான் முறை என்பதால் எழுதுகிறேன்.

பாண்டுரங்கன்


திண்டிவனம்
14-8-1995

அண்ணனுக்கு,

நீ போகவில்லை என்று தெரியும். போயிருந்தால் இந்நேரம் என் வாசலில் போலீஸ் நின்றிருக்கும்.

போனால் என்ன நடக்கும் என்று எழுதுகிறேன். செத்துப்போனவர் உயிரோடு இருக்கிறார் என்றால் நான் விதவை இல்லை. வேலை போகும். சூர்யகலாவின் படிப்பு போகும். நீ பொய்க் கையெழுத்துப் போட்டவன் ஆவாய். அவளுக்கு என்ன கிடைக்கும்? ஒரு பிணம். அதையும் நீ எரித்துவிட்டாய்.

இதை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரும்பைக்குப் போனேன். மாகாளேசுவரர் கோயிலுக்குப் போகிறவள் போலத்தான் போனேன். குண்டானைத் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே.

சின்னபொண்ணு வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் நெற்றியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப ஆச்சி?"

"ரெண்டு வருசம்."

"எப்படிப் போனாரு?"

"ரயில்ல."

"அய்யோ பாவம். ஒடம்பாவது கெடச்சிதா?"

"கெடச்சிது."

"அந்தமட்டும் நீங்க குடுத்துவெச்சவங்க" என்றாள். "எங்கூட்டுக்காரரு கெணறு வெட்டப் போய்க்கினு கீறாரு. வந்துடுவாரு. எத்தினி வருசம் ஆனாலும் நான் கண்டுபுடிச்சிடுவேன். சட்டையில ஒட்டு இருக்குது."

அவள் கேப்பையை அள்ளிக்கொண்டு உள்ளே போனபோது குண்டானை வாசற்படியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பின்னாலேயே ஓடிவந்தாள்.

"யக்கா, பாத்திரத்த உட்டுட்டுப் போறீங்க."

"உன்துதான். வெச்சிக்க."

"எதுக்கு?"

"பழைய துணிக்கு" என்றேன். அதற்குமேல் வரவில்லை. பஸ் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குண்டானோடு நின்றுகொண்டிருந்தாள் என்று பார்க்காமலே தெரிந்தது.

இனி எனக்கு எழுதாதே.

செந்தாமரை


விழுப்புரம்
12-3-2004

தங்கை செந்தாமரைக்கு,

எழுதாதே என்று நீ சொன்னதை எட்டரை வருடம் கடைப்பிடித்தேன். இப்போது என் கடையில் போன் இருக்கிறது, உன் வீட்டிலும் இருப்பதாகக் கேள்வி. ஆனால் இது போனில் சொல்லக்கூடியது இல்லை. அஞ்சம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றும் கேள்வி.

செவ்வாய்க்கிழமை காலை ஒருவர் கடைக்குள் வந்து கையைத் தூக்கினார். "மச்சான், அக்குள் கிழிஞ்சிபோச்சி. ஒரு ஒட்டு போடு."

பழக்கத்தில் நான் அக்குளைத்தான் முதலில் பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டை. வலது பக்கம். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

அவர்தான். தலை நரைத்திருக்கிறது. பல் இரண்டு இல்லை. மற்றபடி சீனுவாசன்தான்.

"நான் செத்துட்டன்னு சித்தூர்ல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னான். நீதான் கொள்ளி வெச்சியாமே" என்றார்.

"ஆமா."

"கருமாதிக்கு இன்னா போட்டீங்க?"

"வடை, பாயசம்."

"உயிரோட கீறப்ப உங்க ஊட்ல எனக்கு ஒரு நாளும் பாயசம் போட்டதில்ல."

ஏன் போனாய் என்று கேட்டேன். பதினோரு வருடமாகக் கேட்க வைத்திருந்த கேள்வி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். "சும்மாதான் போனேன் மச்சான். ஒரு வாரத்துல வர்லாம்னுதான். ஒரு மாசம் ஆயிடிச்சி. என்னான்னு சொல்லிக்கினு வர்றதுன்னு இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டேன். அதுக்குள்ள செத்துட்டன்னு தெரிஞ்சிது. செத்தவன் எப்பிடி வர்றது? பேஜாரு." லாரி ஷெட் ஒன்றில் காவலுக்கு இருக்கிறாராம். செத்தவனை யாரும் எதற்கும் தேடுவதில்லை, சவுகரியமாக இருக்கிறது என்றார்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே பனியன் இல்லை, வெளியே ஆள் நடமாட்டம், போட்டபடியே தை என்றார். போட்ட துணியைத் தைத்தால் வாயில் ஒரு துரும்பைக் கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிணத்துக்குத் தைத்த கணக்கு என்று நம் அம்மா சொல்வாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு?" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

கீழ்மடிப்பைப் பிரித்து, அதிலிருந்து துணி எடுத்து, அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஊசியால் தைத்தேன். அக்குள் சூடாக இருந்தது.

போகும்போது, "தாமரை அங்கதான் கீறாளா?" என்றார். அங்கேதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பாண்டுரங்கன்


திண்டிவனம்
22-3-2004

அண்ணனுக்கு,

சூர்யகலாவுக்கு மே 23 கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. தெய்வத்திரு சீனுவாசன் அவர்களின் மகள் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. ஐந்நூறு பத்திரிகை. தெய்வத்திருவை ஐந்நூறு இடத்தில் அடித்துத் திருத்த என்னால் ஆகாது. எனக்கு இன்னும் ஏழு வருடம் வேலை இருக்கிறது.

அவரிடம் சொல். இறந்தவர்கள் வந்து போக என் வீட்டில் ஒரு நாள்தான் உண்டு. ஆடி அமாவாசை. அன்றைக்கும் வரிசையில் அவருக்கு முன்னால் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு அண்ணியை அழைத்துக்கொண்டு வா. வாசலை மிதிப்பது பற்றிப் பேசியதை மண்டபத்துக்குப் பொருத்த வேண்டாம்.

செந்தாமரை


திண்டிவனம்
20-6-2004

அண்ணனுக்கு,

மண்டபத்தில் நீயும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் இதைத்தான் பேசியிருப்போம், அதனால் நல்லது.

நேற்று கல்யாண சி.டி. வந்தது. சூர்யகலா போட்டுக் காட்டினாள். இரண்டாம் பந்தி, மூன்றாவது வரிசை. கெங்கம்மாள் அண்ணி பாயசம் ஊற்றிக்கொண்டே வருகிறாள். ஒரு ஆள் இன்னும் கொஞ்சம் என்று கையைத் தூக்குகிறார். சாம்பல் நிறச் சட்டை. அண்ணி ஊற்றிவிட்டு நகர்ந்து போகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அஞ்சம்மாள். அவளும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்குத் தெரியவில்லை. செத்துவிட்டார் என்று தெரிந்த முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

சூர்யகலா படத்தை நிறுத்தி, "யாரும்மா இது, இந்த ஆளு பாயசத்துக்கு இப்பிடி கை தூக்குறாரு" என்று சிரித்தாள்.

"மாப்பிள்ள ஊட்டு ஆளா இருக்கும்" என்றேன்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். அவர் குடித்துவிட்டு இலையை மடித்தார். மேடைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். அப்புறம் படத்தில் இல்லை.

அவள் தூங்கப் போன பிறகு அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை பார்த்தேன். தையல் நன்றாக இருந்தது.

செந்தாமரை


விழுப்புரம்
8-10-2010

தங்கைக்கு,

வருடத்துக்கு ஒரு முறை வருகிறார். அதே சட்டை. ஒவ்வொரு முறையும் அதே இடம் விட்டுப்போகிறது. என் முடிவு பதினேழு வருடமாக அமலில் இருப்பதால் கீழ்மடிப்பிலிருந்துதான் துணி எடுக்கிறேன். இதுவரை ஏழு ஒட்டு. மடிப்பு தீர்ந்து, கீழ்விளிம்பையே வெட்ட ஆரம்பித்து, சட்டை இப்போது இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு சட்டை தன்னையே தின்று அக்குளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வேறு சட்டை தைத்துத் தருகிறேன் என்றேன். இதுவே போதும் என்றார்.

இந்த முறை இருமல் அதிகம். "தாமரகிட்ட கேளு மச்சான். ஒரு வாரம் இருந்துட்டுப் போயிடறேன்" என்றார். ஒரு வாரம் என்று அவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன்.

பாண்டுரங்கன்


திண்டிவனம்
19-10-2010

அண்ணனுக்கு,

வரும் மே மாதம் எனக்கு ஓய்வு. அதுவரை என் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது அப்படியே இருக்க வேண்டும். அவரிடம் கோபம் இல்லை. இடம்தான் இல்லை.

ஒருத்திக்கு ஒரு தடவைதான் தாலி அறுக்க முடியும். நான் அதை வேறொருத்தியின் புருஷனுக்காகச் செலவழித்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எண்பத்து நான்கு பிள்ளைகள். தட்டை எண்ணினால் எண்பத்தைந்து வருகிறது. ஆயாவை எண்ணச் சொன்னால் எண்பத்து நான்கு. நான் எண்ணினால்தான் ஒன்று கூடுகிறது. பதினைந்து வருடமாக இப்படி. கடைசித் தட்டிலும் சோறு போட்டு வைத்துவிடுகிறேன். மாயவன் என்று மனதுக்குள் சொல்லித்தான் வைக்கிறேன்.

அவருக்கு ஏதாவது ஆகி யாராவது உன்னிடம் வந்து கேட்டால், போன தடவை தெரியும் என்று சொன்னாய். இந்தத் தடவை தெரியாது என்று சொல்.

செந்தாமரை


விழுப்புரம்
20-3-2011

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. பஸ் டிக்கெட் ஒன்று கையில் இருந்தது. திண்டிவனம் போகிற பஸ்ஸில் வாங்கி, ஏறிய இடத்திலேயே இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பிரவீன்குமார் என்ற கான்ஸ்டபிள் சட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டைலர் கடையாக வந்தார். நல்ல பையன். சட்டையை மேசையில் விரித்தார். சாம்பல் நிறம். இடுப்புக்கு மேலே நின்றது. வலது அக்குளில் ஒட்டின் மேல் ஒட்டாக எட்டு. எட்டாவது ஜனவரியில் போட்டது. துணியெல்லாம் அந்தச் சட்டையின் துணி. உலகத்தில் இப்படி இன்னொரு சட்டை இருக்க முடியாது. தொண்ணூற்று மூன்றில் இதைத்தான் நான் விருத்தாசலத்திடம் சொன்னேன். அப்போது அது உண்மையில்லை.

"உங்க தையலுங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"யாரு தைச்சிருப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேப்பரில் செய்தி போட்டிருப்பதாகச் சொன்னார். அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் அறுபத்தைந்து, சட்டையின் வலது அக்குளில் ஒட்டு.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். வேலை எதுவும் இல்லை. பிணவறை வாசலில் பிரவீன்குமார் ஒரு அம்மாளோடு நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பொட்டு அதே அளவு. அவளுக்கு யாரோ பேப்பரைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சின்னபொண்ணு சட்டையை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அக்குளைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"பச்சையெல்லாம் வெளுத்துப்போச்சி" என்றாள்.

"நல்லா பாரும்மா. பதினெட்டு வருசம் ஆச்சின்ற. மொகத்தப் பாத்துச் சொல்லு" என்றார் பிரவீன்குமார்.

"பாத்தேன் சார். மொகம் மாறிப்போச்சி. வயசு ஆயிடிச்சில்ல. ஒட்டு இருக்குது பாருங்க." நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். எங்கோ பார்த்த ஆள் என்பதுபோலப் பார்த்தாள். "நீங்க டைலர்தான? நீங்க சொல்லுங்க. இது ஒட்டுதானங்க?"

பிரவீன்குமாரும் என்னைப் பார்த்தார்.

"ஒட்டுதாம்மா" என்றேன்.

அவள் சட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் வருவாருன்னு சொல்லிக்கினே இருந்தேன். யாரும் நம்பல" என்றாள்.

பதிவேட்டில் மாயவன், இரும்பை என்று எழுதி, கீழே அவளிடம் கைநாட்டு வாங்கினார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரும்பையில் தகனம் நடந்தது.

பாண்டுரங்கன்